ஆய்வு சொல்வதை அங்கன்வாடி வரை கொண்டுபோவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

காலை பத்து மணிக்கு ஏதாவது ஓர் அங்கன்வாடி மையத்தில் போய் உட்காருங்கள். டீச்சர் வருகைப் பதிவேட்டை முடிப்பதற்குள் ஒரு கர்ப்பிணி இணை உணவு மாவு வாங்க வந்து நிற்பார். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் செல்போனில் போஷன் டிராக்கர், அதாவது அன்றாட விவரங்களைப் பதிய வேண்டிய அரசுச் செயலி, காத்திருக்கும். கிராம சுகாதார செவிலியர் வந்தால் தடுப்பூசிப் பட்டியலை எடுக்க வேண்டும். ஆயா அடுப்படியில் இருக்கிறார். இதற்கு நடுவே இருபது குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து, பாட்டு எப்போது தொடங்கும் என்று டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்தக் காட்சியிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்று உள்ளூர்ப் பெண் ஒருவரை அரை நாள் வேலைக்குக் கூடுதலாக வைத்தால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் கூடுதல் பணியாளரைக் கொடுத்தார்கள். அந்த மையங்களில் முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதங்கள் கழித்துக் குழந்தைகளின் கணக்கும் மொழியும் கண்ணில் படும் அளவு முன்னேறியிருந்தன. இதோடு குள்ளத்தன்மையும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் அந்த மையங்களில் குறைவாக இருந்தன. அலெஹாந்திரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூவரின் இந்த ஆய்வு 2024ல் வெளியானது.

படிக்கிற யாருக்கும் மனசு நிறைகிற முடிவு இது. ஆனால் இப்படிப்பட்ட ஆய்வுக்கும் உங்கள் ஊர்ப் பால்வாடிக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. அதை எப்படிக் கடப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். வட்டார அளவில் குழந்தை வளர்ச்சித் திட்டத்தைப் பார்க்கும் அலுவலர், மேற்பார்வையாளர், ஊராட்சித் தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், தொண்டு நிறுவனத்தில் வேலை செய்பவர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். புள்ளியியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. பொறுமை இருந்தால் போதும்.

முதல் படி: பிரச்சினையை ஒரு வயதுக்குள் சுருக்குங்கள்

“எங்கள் வட்டாரத்தில் குழந்தைகள் நலன் சரியில்லை” என்று தொடங்கினால் எந்த ஆய்வும் உங்களுக்கு உதவாது. எந்த வயதுக் குழந்தை, எதில் பின்தங்கியிருக்கிறது, எந்த மாதத்தில் அது தொடங்குகிறது என்கிற அளவுக்குக் கேள்வி சுருங்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல முன்னுதாரணம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் இங்கே ஒரு பெரிய ஊட்டச்சத்து ஆய்வு நடந்தது. அதற்கு முன்பே உணவுத் திட்டங்கள் பல இருந்தன. ஆனால் மிக ஆபத்தான காலம் தாய்ப்பாலோடு வேறு உணவும் தொடங்கும் பருவம், அதாவது பிறந்து ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை என்பதை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. அந்த வயதுக் குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை, வரிசையில் நின்று தட்டை நீட்டுவதும் இல்லை. சாப்பாடு போடும் இடம் வரை அது வந்து சேராது. இந்த ஒரு புரிதலை அடிப்படையாக வைத்துத்தான் உலக வங்கி உதவியோடு 1980ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில் தொடங்கியது. ஆறு மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்பதை விட்டுவிட்டு, தேவைப்படும் குழந்தைக்குத் தேவையான நாளில் கொடுப்பது என்ற முடிவு அது. தாய்மாருக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதே அளவு முக்கியமாக வைக்கப்பட்டது.

உங்கள் கேள்வியைச் சுருக்க, கையில் இருக்கும் எண்களை முதலில் பாருங்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 14.6 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். இந்த இரண்டும் வேறு வேறு. உயரம் குறைவது நெடுநாள் பற்றாக்குறையின் தடம். எடை குறைவது அண்மையில் வந்த பட்டினியையோ நோயையோ காட்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

எண்ணைப் பார்க்கும்போது அது எப்படி அளக்கப்பட்டது என்றும் கேளுங்கள். இரத்தசோகை இதற்கு நல்ல உதாரணம். நான்காவது குடும்பநல ஆய்வில் இந்திய அளவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 58.6 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே காலகட்டத்தையொட்டி, 2016–18ல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய 41 சதவீதம். வயது வரம்பில் சிறிய வித்தியாசம் இருக்கிறது. ஆனால் முக்கியமான வேறுபாடு, ஒன்றில் விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தம், மற்றதில் நாளத்திலிருந்து எடுத்த இரத்தம். ஒரு மாவட்டத்தின் இரும்புச்சத்துத் திட்டத்தையே மாற்றிவிடக்கூடிய இடைவெளி இது.

இரண்டாம் படி: சங்கிலி எங்கே அறுகிறது என்று பாருங்கள்

பணம் ஒதுக்கப்படுவதிலிருந்து குழந்தை நலமாவது வரை ஒரு சங்கிலி இருக்கிறது. ஒதுக்கீடு வருகிறது, பொருள் வருகிறது, ஆள் இருக்கிறார், ஆளுக்கு நேரம் இருக்கிறது, குழந்தை வருகிறது, சொல்லிக்கொடுப்பது குழந்தைக்குப் புரிகிறது, அது நிலைக்கிறது. ஒரு தாளில் இதை வரையுங்கள். ஒவ்வொரு கண்ணியின் பக்கத்திலும் “இது நடக்கிறது என்பதை நான் நேரில் பார்த்தேனா?” என்று எழுதுங்கள். பெரும்பாலும் பாதிக் கண்ணிகளுக்கு “பதிவேட்டில் பார்த்தேன்” என்பதுதான் நேர்மையான பதிலாக இருக்கும்.

அதனால் இந்தப் படிக்கு ஒரு நாளாவது செலவழியுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் போனால் டீச்சருக்குப் பதற்றம் வரும், சொல்லிவிட்டுப் போனால் ஒத்திகை நடக்கும். என் அனுபவத்தில் நல்ல வழி, சொல்லிவிட்டுப் போய், தொடர்ந்து மூன்று நாள் போவது. மூன்றாம் நாள் யாரும் நடிக்க மாட்டார்கள். கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை டீச்சர் என்ன செய்கிறார் என்று குறியுங்கள். குறை கண்டுபிடிக்க வரவில்லை, உங்கள் வேலைச் சுமையைக் கணக்கெடுக்கத்தான் வந்திருக்கிறேன் என்று அவரிடமே சொல்லுங்கள். நான் பார்த்தவரை, அப்படிச் சொன்ன பிறகு டீச்சர்களே தாளை வாங்கி, விட்டுப்போனதையும் சேர்த்து எழுதிக்கொடுப்பார்கள்.

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியபோதே ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு ஆறு வேலைகள்: கூடுதல் உணவு, முன்பருவக் கல்வி, ஊட்டச்சத்து-உடல்நலக் கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது. இந்த ஆறுக்கும் நடுநாயகமாக ஒரே ஒரு பெண். சங்கிலி அறுவது பெரும்பாலும் அவருடைய நேரத்தில்தான். அவருக்குத் திறமை போதவில்லை என்று முடிவு கட்டி, மறுபடி ஒரு பயிற்சி, மறுபடி ஒரு கையேடு என்று கொடுத்தால், இருக்கும் நேரத்தையும் பிடுங்கிக்கொள்கிறோம். 320 மையங்களில் நடந்த அந்த ஆய்வு என்னைக் கவர்ந்ததற்கு முதல் காரணம், அறுந்த கண்ணியை அது சரியாகத் தொட்டது. புதிதாக வந்தவர் பாடம் நடத்த, பழைய டீச்சருக்கு எடை பார்க்கவும் தாய்மாருடன் பேசவும் நேரம் கிடைத்தது. படிப்புக்காக வைத்த ஆளால் ஊட்டச்சத்தும் முன்னேறியது இப்படித்தான்.

மூன்றாம் படி: சான்றைத் தேடுங்கள்

இது நினைப்பதைவிட எளிது. ஒரே கேள்வி மீது நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட தொகுப்பாய்வுகள் முதலில். உடல்நலத்துக்குக் காக்ரேன், கல்விக்கும் சமூகநலத்துக்கும் கேம்ப்பெல் கூட்டமைப்பு ஆகியவற்றின் தொகுப்புகளைப் பாருங்கள். சுருக்கம் எளிய மொழியில் இருக்கும். அடுத்து இந்தியச் சூழலில் நடந்த தனி ஆய்வுகள். இப்படிக் குலுக்கல் முறைச் சோதனைகளை நடத்தும் ஜே-பால் என்ற ஆய்வு அமைப்புடன் தமிழ்நாடு அரசு 2014ல் ஒப்பந்தம் செய்துகொண்டது, அதனால் நம் மாநிலத்திலேயே நடந்த சோதனைகள் கிடைக்கின்றன. மூன்றாவதாக, அரசின் மதிப்பீட்டுத் துறை எழுதிய அறிக்கைகள். அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் இவற்றில் சில மிகவும் பயனுள்ளவை, கேட்டு வாங்குங்கள்.

ஒரே ஓர் ஆய்வைப் படித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அதோடு உங்கள் யோசனைக்கு எதிரான ஆய்வு ஒன்றையாவது தேடிப் படியுங்கள்.

நான்காம் படி: எண்ணை விசாரியுங்கள்

இந்தப் படியில்தான் அதிகப் பேர் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில், ஒப்பிட்டுப் பார்க்க யார் இருந்தார்கள்? திட்டம் வந்த பிறகு குழந்தைகளின் எடை ஏறியது என்று ஓர் அறிக்கை சொன்னால் அது சான்றாகாது. குழந்தைகள் வளர்வது இயற்கை. அந்த ஆண்டு மழை பெய்து வேலை கிடைத்திருக்கலாம். திட்டம் வராத, மற்ற எல்லாவற்றிலும் ஒத்த இன்னொரு கூட்டம் வேண்டும். குலுக்கல் முறையில் பிரிப்பது அதற்காகத்தான். யாருக்குத் திட்டம் போகும் என்பதை ஆர்வமுள்ள டீச்சரோ செல்வாக்குள்ள தலைவரோ தீர்மானித்தால், அந்த ஊர் முன்னேறியது திட்டத்தாலா அவர்களாலா என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

குலுக்கல் இல்லாத ஆய்வு எல்லாம் வீண் என்று சொல்லவில்லை. கொரோனா காலத்துப் பள்ளி மூடலுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்த ஆய்வைப் பாருங்கள். 2021 டிசம்பரில் அவர்கள், 2019ல் அதே ஊர்களில் அதே வயதிலிருந்த குழந்தைகளைவிடக் கணக்கில் 0.73 திட்ட விலக்கம் பின்தங்கியிருந்தார்கள், மொழியில் 0.34. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதில் ஏறக்குறைய 24 சதவீதத்துக்கு, தன்னார்வலர்கள் மாலை வகுப்பு எடுத்த அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் காரணம் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். இங்கே குலுக்கல் இல்லை, ஒவ்வொரு குழந்தையின் முந்தைய மதிப்பெண்ணையும் கணக்கில் எடுத்துச் செய்த மதிப்பீடு. எனவே 24 என்பதைக் கல்வெட்டாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஏழைக் குழந்தைகளிடம் இழப்பு அதிகமாக இருந்தது, மீட்பும் அவர்களிடமே வேகமாக இருந்தது என்ற செய்தி எனக்குப் பெரிய ஆறுதல். நாம் ஓடிப்போய் உதவினால் அந்தக் குழந்தைகள் எட்டிப்பிடிக்கிறார்கள்.

சரி, இந்தத் திட்ட விலக்கம் என்றால் என்ன? பயப்பட வேண்டாம். நூறு குழந்தைகளை மதிப்பெண்படி வரிசையில் நிறுத்துங்கள், கடைசி ஆள் ஒன்று, முதல் ஆள் நூறு. நடுவில் 50ல் நிற்கும் குழந்தை 0.29 திட்ட விலக்கம் முன்னேறினால் ஏறக்குறைய 61ம் இடத்துக்கு வரும். 0.46 முன்னேறினால் 68ம் இடம். அங்கன்வாடி ஆய்வில் கணக்கிலும் மொழியிலும் கிடைத்த முன்னேற்றம் இவ்வளவுதான், இவ்வளவு பெரியது. 0.73 பின்தங்குவது, நடுவில் நின்ற குழந்தை 23ம் இடத்துக்கு இறங்குவது. இந்த வரிசைக் கணக்கை வைத்துப் பேசினால் ஊராட்சிக் கூட்டத்தில் எல்லோருக்கும் புரியும்.

அடுத்து, அளக்கும்போது யார் காணாமல் போனார்கள்? அங்கன்வாடி ஆய்வின் 0.29, 0.46 என்ற எண்கள் கடைசிவரை மையத்தில் தங்கிய குழந்தைகளுக்கு உரியவை. தமிழ்நாட்டில் மூன்று வயதைத் தாண்டியதும் பல குழந்தைகள் தனியார் எல்கேஜிக்குப் போய்விடுகிறார்கள். இதற்கு ஈடுகொடுக்கத்தான் அரசே 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. அப்படி மையத்தைவிட்டுப் போனவர்களையும் வீடு தேடிப்போய்ச் சோதித்துச் சேர்த்துப் பார்த்தால், முன்னேற்றம் இன்னும் இருக்கிறது, ஆனால் சிறியது. ஆய்வாளர்கள் இரண்டையும் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். குறைந்த பலனை வைத்துக் கணக்கிட்டாலும் செலவைவிட நன்மை கணிசமாக அதிகம் என்றும் காட்டியிருக்கிறார்கள். உங்கள் கோப்பில் எழுதும்போது பெரிய எண்ணை மட்டும் எழுதாதீர்கள். நிதித்துறையில் யாராவது ஒருவர் முழு ஆய்வையும் படிப்பார், அப்போது உங்கள் நல்ல யோசனை முழுவதும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

பலன் எவ்வளவு நாள் நிற்கிறது என்பதும் முக்கியம். வதோதராவிலும் மும்பையிலும் 2001–03ல், பின்தங்கிய குழந்தைகளைத் தனியாக உட்காரவைத்து அடிப்படையைச் சொல்லிக்கொடுக்கும் பால்சகி திட்டம் சோதிக்கப்பட்டது. சராசரி மதிப்பெண் முதல் ஆண்டில் 0.14, இரண்டாம் ஆண்டில் 0.28 திட்ட விலக்கம் ஏறியது. திட்டத்தை விட்டு வந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது 0.10 அளவுதான் மிஞ்சியிருந்தது. இன்னொரு பக்கம் ஜமைக்காவைப் பாருங்கள். 1980களில் கிங்ஸ்டன் நகரில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை. சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டு வாரம்தோறும் வீட்டுக்குப் போய், குழந்தையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று தாய்மாருக்குக் காட்டினார்கள். இருபது ஆண்டு கழித்து, அப்படி வீட்டுக்கு ஆள் போன குழந்தைகளின் வருமானம், சோதனையில் இருந்தும் ஆள் போகாத குழந்தைகளைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. துணியில் செய்த பொம்மை, பிளாஸ்டிக் பாட்டில், தாயின் பேச்சு. அவ்வளவுதான் கருவிகள்.

கடைசியாக, இது கெடுதல் செய்யுமா? நல்லெண்ணத்தில் செய்வது கெடுக்காது என்று நம்பிவிடுகிறோம். அமெரிக்காவில் வழிதவறும் பிள்ளைகளைச் சிறைக்குக் கூட்டிப்போய், கைதிகளைப் பார்க்கவைத்துப் பயமுறுத்தும் திட்டங்கள் பல ஆண்டுகள் நடந்தன. எல்லோருக்கும் பிடித்த திட்டம். ஒப்பீட்டுக் குழுவோடு நடந்த ஒன்பது சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படிப் போய் வந்த பிள்ளைகளே பிறகு அதிகமாகக் குற்றத்தில் சிக்கியது தெரிந்தது. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலே அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதாக இருந்திருக்கும். குழந்தைகள் விஷயத்தில் இதை நினைத்தால் எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

ஐந்தாம் படி: நம் ஊருக்குப் பொருந்துமா?

ஓர் இடத்தில் வெற்றி பெற்றது இன்னோர் இடத்தில் தோற்பதற்கு மண்ணையும் மக்களையும் காரணம் சொல்வார்கள். பெரும்பாலான நேரம் உண்மையான காரணம், நடத்துகிற கை மாறியதுதான். கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களை நியமிக்கும் ஒரே திட்டத்தை, ஒரே நேரத்தில், சில பள்ளிகளில் தொண்டு நிறுவனமும் சில பள்ளிகளில் அரசும் நடத்திப் பார்த்தார்கள். முதல் வகையில் மதிப்பெண் ஏறியது. இரண்டாம் வகையில் பலன் இல்லை.

நம் நாட்டில் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனத்தின் அனுபவம் இதைவிடப் பாடமானது. வயதை விட்டுவிட்டு, குழந்தை எந்த நிலையில் வாசிக்கிறதோ அந்த நிலையிலிருந்து கற்பிப்பது அவர்களுடைய முறை. பீகாரில் புத்தகங்களை மட்டும் கொடுத்த பள்ளிகளில் ஒன்றும் நடக்கவில்லை. உத்தராகண்டில் தன்னார்வலர்களையும் கொடுத்தார்கள். பள்ளிகளோ அவர்களைச் சாதாரண ஆசிரியர்கள்போல வழக்கமான வகுப்புக்கு அனுப்பிவிட்டன, அங்கேயும் பலன் இல்லை. 2012–13ல் ஹரியானாவில் முறையை மாற்றினார்கள். தினமும் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கினார்கள், குழந்தைகளை வகுப்புவாரியாக இல்லாமல் நிலைவாரியாகப் பிரித்தார்கள், வட்டார அளவிலான வழிகாட்டிகள் பள்ளிக்கு வந்து கூட நின்று காட்டினார்கள். அதே அரசு ஆசிரியர்களை வைத்தே மொழியில் முன்னேற்றம் வந்தது. உத்தரப் பிரதேசத்தில் தனி முகாம்களாக நடத்தியபோது இன்னும் பெரிய முன்னேற்றம்.

ஆகவே, எந்த ஆய்வை எடுத்தாலும் இரண்டு பட்டியல் போடுங்கள். எதை எடுத்துவிட்டால் திட்டமே செத்துவிடும் என்பது ஒன்று. எதை நம் ஊருக்கேற்ப மாற்றலாம் என்பது இன்னொன்று. அங்கன்வாடி ஆய்வில் உயிர்நாடி, கூடுதல் பணியாளரின் நேரம் கல்விக்கு மட்டும் என்பது. அவரையும் பதிவேடு எழுத உட்காரவைத்தால் உத்தராகண்டில் நடந்ததே இங்கேயும் நடக்கும். பாட்டு, கதை, விளையாட்டுப் பொருள் எல்லாம் மாற்றக்கூடியவை. ஜமைக்காவின் முறையை ஒடிசாவுக்குக் கொண்டுவந்தபோது, வீடு வீடாகப் போவதற்குப் பதில் தாய்மாரைக் குழுவாகக் கூட்டியும் சோதித்தார்கள். குழுவும் பலன் தந்தது, செலவோ பல மடங்கு குறைவு. எதை மாற்றலாம் என்பதையும் சோதித்துத் தெரிந்துகொண்டதற்கு இது அழகான உதாரணம்.

ஆறாம் படி: சிறிதாகத் தொடங்குங்கள், குலுக்கிப் போடுங்கள்

உங்களிடம் 40 மையங்கள் இருக்கின்றன, 20க்குத்தான் பணம் என்று வைத்துக்கொள்வோம். யாருக்குக் கொடுப்பது என்று எப்படியும் தீர்மானிக்க வேண்டும். எல்லோரும் பார்க்கச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். செல்வாக்குக்கு இடமில்லை, மனக்குறைக்கும் இடம் குறைவு. கூடவே ஒப்பீட்டுக் குழுவும் கிடைத்துவிடுகிறது. விடுபட்ட 20க்கு அடுத்த ஆண்டு முதலிடம் என்று எழுத்தில் கொடுங்கள். குழந்தைகளைக் குலுக்காதீர்கள், மையங்களைக் குலுக்குங்கள். ஒரே அறையில் ஒரு குழந்தைக்குக் கொடுத்து இன்னொரு குழந்தையைப் பார்க்கவைப்பது பாவம். கூடவே, அந்தப் பாட்டை மற்றக் குழந்தையும் கற்றுக்கொண்டுவிடும், ஒப்பீடு கெடும்.

40 மையங்களில் சிறிய மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். சின்னச் சோதனையின் முதல் நோக்கம், திட்டம் சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பது. பாட நேரம் உண்மையில் கூடியதா? புதியவர் தினமும் வருகிறாரா? அதுவே நடக்காவிட்டால் மதிப்பெண்ணைத் தேடிப் பயனில்லை.

பெற்றோரிடம் ஒப்புதல் வாங்குங்கள், தமிழில், வாசித்துக்காட்டி. வேண்டாம் என்றாலும் மாவும் முட்டையும் நிற்காது என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே கிடைத்துவரும் எதையும் சோதனைக்காக நிறுத்தக் கூடாது. அளக்கும்போது கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தை கண்ணில் பட்டால், அது எந்தக் குழுவில் இருந்தாலும், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குக் கைச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் காத்திருக்க நேரமில்லை.

ஏழாம் படி: அளவை நாடாவில் தொடங்குகிறது நேர்மை

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து நீளம் அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். ஒரே குழந்தையைப் படுக்கவைத்து அளந்தால் ஏறக்குறைய 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். ஒரு மையத்தில் இப்படியும் இன்னொன்றில் அப்படியும் அளந்தால், எந்தத் திட்டமும் இல்லாமலே குழந்தைகள் வளர்ந்ததாகவோ குன்றியதாகவோ தெரியும். எடைக்கருவியைத் தினமும் காலையில் தெரிந்த எடையை வைத்துச் சரிபாருங்கள். உயரத்தை இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள். வயது பிறப்புச் சான்றிதழிலிருந்து வரட்டும், “மூன்று இருக்கும்” என்ற வாயளவில் வேண்டாம். வயது இரண்டு மாதம் தவறினாலே வளர்ச்சி அட்டையில் குழந்தை வேறு நிறத்துக்குப் போய்விடும்.

அந்த மையத்தின் டீச்சரே சோதனை எடுக்கக் கூடாது. அவர் பொய் சொல்வார் என்பதற்காகச் சொல்லவில்லை. தான் வளர்த்த குழந்தை திணறும்போது வாயசைத்துக் காட்டாமல் இருக்க யாராலும் முடியாது. வெளியாள் ஒருவர் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து, நிறம் காட்டச் சொல்லி, புளியங்கொட்டை எண்ணச் சொல்லி, படத்தைப் பார்த்துக் கதை சொல்லச் சொல்லட்டும். எழுத்துத் தேர்வு இந்த வயதுக்கு வேண்டாம். அன்று வராத குழந்தையை வீட்டில் போய்ப் பாருங்கள். வராத குழந்தைதான் பெரும்பாலும் நமக்கு மிகவும் தேவைப்படும் குழந்தை.

இன்னொன்று. எண் மோசமாக வந்தால் டீச்சருக்கு மெமோ கொடுக்கும் வழக்கம் இருக்கும் வரை உண்மையான எண் உங்களுக்கு வராது. நான் போன ஒரு மையத்தில், பதிவேட்டில் எல்லாக் குழந்தைகளும் பச்சைக் கட்டத்தில் இருந்தார்கள். கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு பையனின் கையைப் பிடித்துப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, அவன் பச்சையில் இல்லை. டீச்சரைக் கேட்டேன். “சிவப்புன்னு போட்டா நான்தான் சார் பதில் சொல்லணும்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பையனுக்கு வரவேண்டிய உதவி அந்த ஒரு நிறத்தில் நின்றுபோயிருந்தது. சிவப்பு என்று எழுதுகிற டீச்சருக்கு உதவி வர வேண்டும், கேள்வி வரக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் உங்கள் வட்டாரத்தில் மாற்ற முடிந்தால், வேறு ஆய்வே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அது பெரிய மாற்றம்.

எட்டாம் படி: நடைமுறையில் தாங்கிப்பிடிப்பது

புதிய வேலை ஒன்றைச் சேர்த்தால் பழைய வேலை ஒன்றை எடுங்கள். எந்தப் பதிவேடு இப்போது செல்போனிலும் தாளிலும் இரண்டு முறை எழுதப்படுகிறது என்று டீச்சரிடம் கேட்டால் உடனே சொல்வார். பயிற்சியை ஒரே வாரத்தில் கொட்டிவிட்டு ஓராண்டு காணாமல் போகாமல், இரண்டு நாள் பயிற்சி, பிறகு மாதம் ஒரு முறை மேற்பார்வையாளர் மையத்தில் ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து பாடம் நடத்திக் காட்டுவது என்று வையுங்கள். ஹரியானாவில் வேலை செய்ததும் இப்படிக் கூட நின்று காட்டியதுதான். சம்பளம் அல்லது மதிப்பூதியம் மாதத்தின் எந்த நாளில் வருகிறது என்பதையும் கண்காணிப்புப் பட்டியலில் சேருங்கள். மூன்று மாதம் பணம் வராத திட்டத்தின் பலனை அளப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

ஒன்பதாம் படி: விரிவாக்குவதா, விடுவதா?

விரிவாக்குவதென்றால் அரசாணையில் உயிர்நாடிப் பட்டியலை வரிவரியாக எழுதவையுங்கள். “கூடுதல் பணியாளர் முன்பருவக் கல்வியைத் தவிர வேறு பணிக்குப் பயன்படுத்தப்படக் கூடாது” என்ற ஒரு வரி இல்லாவிட்டால், அடுத்த தேர்தல் பட்டியல் திருத்தத்துக்கு முதலில் அழைக்கப்படுபவர் அவராகத்தான் இருப்பார். ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவு என்ற எண் கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். அதே பணத்தில் செய்யக்கூடிய இன்னொரு திட்டத்தையும் பக்கத்தில் வையுங்கள். விரிவான பிறகும் அளப்பதை நிறுத்தாதீர்கள், 20 மையத்தில் நீங்கள் நேரில் போய்ப் பார்த்ததை 2,000 மையத்தில் யாரும் பார்க்கப்போவதில்லை.

இந்த அளவுக்கு விரிவாக்குவது முடியுமா என்று கேட்பவர்களிடம் இல்லம் தேடிக் கல்வியைக் காட்டுங்கள். 2021 அக்டோபரில் தொடங்கி, மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியத்தில் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருப் பெண்கள், மாலை நேரத்தில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் குழந்தைகளைக் கூட்டி உட்காரவைத்தார்கள். அந்த அனுபவம் உள்ள பெண்கள் இன்றும் அதே தெருக்களில் இருக்கிறார்கள். உங்கள் மையத்துக்குக் கூடுதல் பணியாளர் தேட வேண்டியிருந்தால் முதலில் அவர்கள் கதவைத் தட்டுங்கள்.

பலன் இல்லை என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஏன் பலிக்கவில்லை என்பதை இரண்டு பக்கம் எழுதிப் பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்புங்கள், அவர்களுக்கு ஓராண்டு மிச்சம். அப்புறம், முடிவு நல்லதோ கெட்டதோ, அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் அளக்கப்பட்ட குழந்தைகளின் தாய்மார். அடுத்த கிராம சுகாதார, ஊட்டச்சத்து நாளில் டீச்சரே எழுந்து அதைச் சொல்லட்டும், வரிசையில் 50ல் நின்ற குழந்தை 61க்கு வந்த கதையை. அவர்கள் கேட்கும் முதல் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அடுத்த முதல் படி அங்கே இருக்கும்.